கோதுமையை நிறுத்தினால் யாருக்குப் பட்டினி?

தட்டில் ஏறிய சப்பாத்தி

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தவருக்குச் சப்பாத்தி பிறவிச் சாப்பாடு. சர்க்கரைக்குப் பயந்து நம் வீடுகளிலும் இரவில் அதுதான். பெரும்பாலோருக்கு இதனால் கெடுதல் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதமே எதிரி. அதைக் கண்டதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கி, சத்தை உறிஞ்சும் குடல் விரல்களை மழுங்கடித்துவிடுகிறது.

இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. வடக்கே 1.23 சதவீதத்தினரின் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் ஆன்டிபாடி இருந்தது, தெற்கே 0.10 சதவீதம்தான். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் தெரிந்தது: நாளொன்றுக்கு வடக்கே சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம் தட்டு மாறிவருவதால் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும்

சிகிச்சை ஒன்றே: ஆயுள் முழுக்க குளூட்டனை ஒதுக்குவது. புரோபயாட்டிக் மாத்திரை எதுவும் அதற்கு மாற்றாகாது. ஆனால் கோதுமையோடு ஃபிரக்டான் என்ற நார்ச்சத்தும் போய்விடுகிறது. பிஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. 2009-ல் வெளியான ஸ்பெயின் ஆய்வில், நோயே இல்லாத 10 பேர் ஒரு மாதம் குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டபோதே பிஃபிடோ குறைந்தது.

இட்டு நிரப்ப நம் சமையலறையே போதும். சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான் உண்டு. சுண்டல், கீரை, வாழைத்தண்டு, கேழ்வரகுக் கூழ் எல்லாம் நார்ச்சத்து. ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட், குடல் சுவருக்கே உணவு. பழைய சோற்றை விட்டுவிட்டு, மாவும் சர்க்கரையுமாக விற்கும் ‘குளூட்டன் ஃப்ரீ’ பிஸ்கட்டுக்குக் காசைக் கொட்டுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது. சிகிச்சையின் தொடக்கத்தில் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகும்.

ஒளிந்திருக்கும் மைதா

ரவை, சேமியா, மால்ட் பானம் தெரிந்ததே. சாம்பாரில் போடும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே நம் கேழ்வரகும் அரைபடும். பரோட்டா போட்ட கல்லில் தோசையும் வேண்டாம்.

தீராத வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, வளராத குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டு சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்யலாம். அதுவரை கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரக்கூடும்.