ஏறிய சாலை, இறங்கிய வீடு

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம் பக்கத்தில் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிய ஓட்டு வீடு எதையாவது பாருங்கள். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறித்தான் திண்ணைக்குப் போகிற மாதிரி கட்டியிருப்பார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வாசலோடு போய்விட வேண்டும் என்று யோசித்துக் கட்டியது அது. இன்று பல வீடுகளில் அந்தப் படிகள் கண்ணில் படுவதில்லை. தெருவிலிருந்து கீழே இறங்கி உள்ளே போக வேண்டியிருக்கிறது. நிலைப்படிக்கு முன்னால் அரை அடி உயரத்துக்குச் சிமெண்ட் தடுப்பு வேறு. வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ரோடுதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிட்டது.

ஆரணிப் பட்டு நெய்கிற இந்த வட்டாரத்தில் இதற்கு இன்னொரு வலி உண்டு. குழித்தறியில் நெசவாளி காலை விட்டு மிதிபலகையை மிதிக்கிற குழி, வீட்டுத் தரைக்கும் கீழே இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அந்தக் குழியில் தண்ணீர் சுரப்பது பழைய தொல்லை. தெரு உயர்ந்த பிறகு, சுரக்கிற தண்ணீரோடு தெருத் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. குழி நிறைந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வாரம் கூலி கிடையாது.

சாலை போடுவதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று கேட்டால், வெட்டிய மரத்தையும் தார்ப் புகையையும் சொல்வோம். இரண்டும் உண்மைதான். ஆனால் புதைந்துபோன படிகளைப் பார்க்கும்போது எனக்குக் கல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் படிகளை மூடியிருப்பது எங்கோ வெடிவைத்துத் தகர்த்த குன்று.

கணக்கு சாதாரணமானது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஊர்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 25 மில்லிமீட்டர் கனத்தில் மேல்தளம் போட 200 டன்னுக்கு மேல் கலவை வேண்டும். அதில் தார் ஏறக்குறைய 10 டன். மற்றதெல்லாம் ஜல்லியும் கல்தூளும். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்று முப்பது வருடம் போட்டால் ஆறு அடுக்கு, அரை அடி உயரம். நடுவில் மட்டம் எடுக்கப் போட்டது தனி. வாசல் பள்ளமாகிவிட்டதே என்று புது வீடு கட்டுகிறவர்கள் கடைக்காலை இன்னும் உயர்த்துகிறார்கள். அதை நிரப்ப கிராவல் வேண்டும். வசதி உள்ளவர்கள் பழைய வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். ஒரு சாலை ஏறினால் ஊரே ஏற வேண்டியிருக்கிறது. அதற்கான மண்ணும் கல்லும் ஏதோ ஒரு ஏரியிலிருந்தோ மலையடிவாரத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

அந்த ஓட்டு வீடுகளைக் கட்டிய காலத்தில் இருந்தது கப்பி ரோடு. கல்லை உடைத்துப் பரப்பி, இடுக்கில் கிராவலைத் தூவி, பக்கத்து ஏரித் தண்ணீரை ஊற்றி, ரோலரை ஓட்டி இறுக்கியது. வெயிலில் புழுதி, மழையில் சேறு. அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பின்னால் தார் வந்தபோதும் வேலை கொடுமையாகத்தான் இருந்தது. ரோட்டோரம் தார் டிரம்மை அடுப்பில் ஏற்றி, விறகும் பழைய டயரும் போட்டு எரிப்பார்கள். கரும்புகை வயலெல்லாம் படியும். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, சூடான கலவையைச் சட்டியில் சுமந்து வந்து கொட்டிய பெண்களின் உழைப்பில் போட்டவை நம் பழைய தார் ரோடுகள்.

அந்தக் காலத்தில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது. அது மைல் கூலி. இத்தனை மைலுக்கு இன்னார் என்று ஆள் இருந்தார். கையில் மண்வெட்டியும் கூடையும் இருக்கும். மழை விட்டதும் ரோட்டோரம் தேங்கிய தண்ணீரை வெட்டிவிடுவார்; கையகலக் குழியைக் கையகலமாக இருக்கும்போதே அடைப்பார். தாருக்கு எமன் லாரி அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீர். வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, தாரையும் ஜல்லியையும் பிரித்துவிடும். அப்புறம் போகிற ஒவ்வொரு சக்கரமும் குழியைப் பெரிதாக்கும். தண்ணீரை உடனே வடித்துவிட்டால் அதே மேல்தளம் இன்னும் சில வருடம் உழைக்கும். அந்த வருடங்களுக்குக் குன்று தப்பிக்கும்.

1997-இல் இதே மாதிரி வேலைக்குத் தமிழக அரசு ஏறக்குறைய பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை நியமித்தது. 2002-இல் அவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006-இல்தான் திரும்ப வந்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் நடத்திய போராட்டம் நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். இடையில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் தொடங்கி, சில கோட்டங்களில் ஐந்தாண்டுப் பராமரிப்பை ஒப்பந்ததாரரிடமே விடும் முறையும் வந்தது. கெட்டுப்போனால் அவர் தலையில்தான் விழும் என்பதால், சீக்கிரமே சரிசெய்ய அதில் ஒரு காரணம் இருக்கிறது. ஆனாலும் மழையோடு மழையாக நின்று வாய்க்கால் வெட்டுகிற ஆள் ஒவ்வொரு சாலைக்கும் தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தைவிட மலிவான சுற்றுச்சூழல் திட்டம் சாலைத் துறையில் கிடையாது.

இன்று நடந்திருக்கிற பெரிய மாற்றம் மில்லிங். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே, அதே மட்டத்துக்குப் புதிய தளம் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைத் தடுக்கத்தான் அந்த உத்தரவு. நெடுஞ்சாலையில் இந்த வேலை நடந்தால் நின்று பாருங்கள். இயந்திரத்தின் வயிற்றில் பல் வைத்த உருளை ஒன்று சுழலும். அது தார்த் தளத்தைச் சீவி எடுக்க, முன்னால் போகிற டிப்பரில் துருவல் கொட்டிக்கொண்டே போகும். பின்னால் கோடு கோடாக மொட்டைத் தளம் தெரியும்.

அந்தத் துருவல் குப்பை அல்ல. உடைத்துச் சலித்த ஜல்லி, அதன்மேல் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய தார். புதுக் கலவையில் குறிப்பிட்ட பங்கு இதைச் சேர்த்துச் சூடாக்கினால் மறுபடி சாலையாகிவிடும். இதற்கான நெறிமுறையை இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-இலேயே வெளியிட்டுவிட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சுரண்டி எடுத்ததில் பெரும்பகுதி திரும்பவும் சாலைக்கே போகிறது. நம் பக்கம் பல இடங்களில் அது ரோட்டோரச் சரிவை நிரப்பவோ, யாருடைய காலிமனையையோ மேடாக்கவோ போய்விடுகிறது. சுரண்டும் பழக்கம் வந்தது பாதி வெற்றி. சுரண்டியது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லாததால் மறுபாதி கை நழுவுகிறது. சின்னத் தெருக்களின் நிலை இன்னும் மோசம். பெரிய இயந்திரம் அங்கே நுழையாது. ஜேசிபி பல்லால் நாலு கோடு கீறிவிட்டு மேலேயே போடுவதும் நடக்கிறது.

பிளாஸ்டிக் சாலையில் தமிழ்நாடுதான் முன்னோடி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன் கண்ட முறை அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பால் கவர், கேரி பேக் போன்றவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கி, 160, 170 டிகிரிக்குச் சூடேறிய ஜல்லிமேல் தூவுவார்கள். அரை நிமிடத்தில் அது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோலாகப் படியும். பிறகுதான் தார். இந்தத் தோல் இருப்பதால் தண்ணீர் கல்லை நெருங்காது. தாரிலும் பத்தில் ஒரு பங்கு வரை மிச்சம். பி.வி.சி.யை மட்டும் சேர்க்கக் கூடாது. சூட்டில் நச்சு வாயு வரும். 2002-இல் சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் போட்ட சாலை உட்படச் சிலவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்து, 2008-இல் நல்ல சான்று கொடுத்தது. எனக்கு இந்த முறையில் மதிப்பு உண்டு. கூடவே ஒரு கவலையும் உண்டு. இந்தச் சாலைகளையும் ஒரு நாள் சுரண்டத்தான் போகிறோம். அந்தத் துருவலை ஏரிக்கரையில் கொட்டினால், கல்லில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பொடியாகித் தண்ணீருக்குத்தான் போகும். பிளாஸ்டிக் போட்ட சாலைகளின் பட்டியலை ஒவ்வொரு கோட்டமும் வைத்திருந்தால், அந்தத் துருவலைத் தனியே எடுத்து மறுபடி சாலைக்கே அனுப்பலாம்.

மரத்தைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலையோரப் புளியமரம் என்றால் எண் எழுதி, சுண்ணாம்புப் பட்டை அடித்து, வருடா வருடம் காயை ஏலம் விட்டு நெடுஞ்சாலைத் துறையே சம்பாதித்த மரம். நிழல் விழுகிற இடத்தில் தார் சீக்கிரம் இறுகி வெடிக்காது. ஆக அந்த மரம் சாலையையும் காத்தது. சாலை அகலமாக அகலமாக அந்த வரிசைகள் போயின. 2016-இல் திருவண்ணாமலை கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது மக்கள் திரண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வேலையை நிறுத்தியது. 2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. அந்த 277 கிலோமீட்டரில் மிகப் பெரிய பங்கு திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் வருவதாக இருந்தது. நிலம் எடுக்கும் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலம் எடுக்கலாம் என்றது. ஆனால் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் சாலை போடக் கூடாது என்றும் சொன்னது.

சின்ன ஒட்டுவேலைக்கு இன்று நெருப்பே வேண்டாம். தாரைத் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆக்கிய எமல்ஷன் டிரம்மில் வருகிறது. சூடாக்காமலே ஜல்லியில் கலந்து குழியில் கொட்டி இடித்துவிடலாம். புகை இல்லை, கால் வேகாது. கனரக லாரிகள் ஓடும் சாலைக்கு இது போதாது. ஊர்த்தெருக் குழிக்குத் தாராளமாகப் போதும். இதையும் ஒரு மண்வெட்டியையும் கொடுத்து ஊராட்சிக்கு ஒருவரை நியமித்தால், பழைய மைல் கூலியின் வேலை முன்பைவிட நன்றாகவே நடக்கும்.

உங்கள் தெருவுக்கு ரோடு போட வருகிறார்கள் என்று தெரிந்ததும், மதிப்பீட்டில் மில்லிங் இருக்கிறதா, சுரண்டியதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஊராட்சி அலுவலகத்திலோ நெடுஞ்சாலை உதவிப் பொறியாளரிடமோ கேளுங்கள். இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். வாசல் நிலைப்படிக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, போட்டோ எடுத்து மனுவோடு வையுங்கள். இதையெல்லாம் ஜல்லி வந்து இறங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். மேலே தார் போட்ட பிறகு அதை எடுத்துப் போட அந்த டெண்டரில் பணம் இருக்காது.