கடலை நோக்கிய நாற்காலிகள்

பிரான்சு நாட்டின் வடகரையில், நார்மண்டிப் பகுதியில், துரூவில் என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அங்கு ஓய்வுக்காக வந்தவர்களை 1862ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து வரைந்தவர் யூஜின் பூதேன். மாலுமி ஒருவரின் மகனாக 1824இல் பிறந்த அவர், இளைஞரான குளோத் மொனேவைத் திறந்த வெளியில் வரையத் தூண்டியவர். 1874இல் பாரிசில் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியிலும் பங்கேற்றவர்.

அவருடைய சிறிய நீர்வண்ண ஓவியங்களில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. பென்சில் கோடுகளின் மேல் மெல்லிய வண்ணம்; அகன்ற வானம்; அதன் கீழே, மணலில் நாற்காலிகளை நெருக்கமாகப் போட்டு அமர்ந்திருக்கும் மனிதர்கள். சிலர் பேசுகின்றனர், சிலர் கடலைப் பார்த்தபடி இருக்கின்றனர்.

கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் பரவியதில் மருத்துவர்களுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்டு ரசல் 1750இல் வெளியிட்ட நூலில், கடல்நீரில் குளிப்பதையும் அதைக் குடிப்பதையும் சுரப்பி நோய்களுக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். அக்கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. கடல்நீரைக் குடிப்பது தீங்கானது. ஆனால் அந்த ஓவியங்களில் காணும் நாற்காலி இன்றும் எங்கள் பரிந்துரையில் இருக்கிறது.

'ஓய்வெடுங்கள்' என்று நாங்கள் கூறுவதைப் பல குடும்பத்தினர் 'படுத்தே இருங்கள்' என்று பொருள் கொள்கின்றனர். எழுந்து அமர முயலும் நோயாளியை அன்பின் மிகுதியால் தடுத்துவிடுகின்றனர். தெளிவாக விளக்காதது எங்கள் குறையே. நாள் முழுவதும் படுத்திருந்தால் தசைகள் வலுவிழக்கும். படுக்கைப் புண் தோன்றலாம். காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையலாம். நெஞ்சில் சளி தேங்கலாம். ஆகவே, மருத்துவர் அனுமதித்தபின், நோயாளியைச் சன்னலோரம் நாற்காலியில் அமர வையுங்கள். முதல் நாளில் சில நிமிடங்களே போதும். எழுவதற்கு முன் கட்டிலின் விளிம்பில் சிறிது நேரம் உட்காரட்டும். தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே நிறுத்திச் செவிலியரை அழையுங்கள்.

பூதேனின் கடற்கரையில் பெரும்பாலும் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கும். அது உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கு உரியது என்று நாங்கள் சொல்வோம். இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் மருந்தகத்திற்கும் பரிசோதனைக் கூடத்திற்கும் அலைந்து, வேளைக்கு உண்ணாமல், தமக்குரிய மாத்திரைகளையும் மறந்துவிடும் பலரை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். நோயாளி படுத்திருக்கையில் தாம் சற்று அமர்வதும் தவறு என்று அவர்கள் எண்ணுகின்றனர். அது தவறன்று. நீங்கள் தளர்ந்துவிட்டால் நோயாளிக்குத் துணை யார்? உறவினர்களுடன் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவாவது வீட்டில் உறங்குங்கள்.

இன்று மாலை இயன்றால் இரண்டு நாற்காலிகளைச் சன்னலை நோக்கிப் போடுங்கள். நோயைப் பற்றிப் பேச வேண்டுவதில்லை. எதையுமே பேச வேண்டுவதில்லை. வெளிச்சம் மங்கும்வரை இருவரும் சேர்ந்து அமர்ந்திருங்கள்.