கடைமடை வரை காற்று போகிறதா?

"மூச்சை முழுசா இழுங்க… இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம்…" நுரையீரல் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன குரல் இது. ஸ்பைரோமெட்ரி என்ற இந்தச் சோதனையில் முதல் நொடிக்குள் எத்தனை லிட்டர் காற்று வெளியேறுகிறது என்பதுதான் முக்கியமான எண். ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க இன்றும் இதற்குத்தான் முதலிடம். லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846-லேயே நுரையீரலின் காற்றுக் கொள்ளளவை அளக்கும் கருவியைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

ஆனாலும் 'ரிப்போர்ட் நார்மல்' என்று வந்த சிலருக்கு மாடிப்படி ஏறினால் இழுக்கிறது, நள்ளிரவில் இருமல் எழுப்புகிறது. பல நேரம் சிக்கல் இருப்பது இந்த எண் எட்டாத இடத்தில்.

மூச்சுக்குழல் இரண்டிரண்டாகச் சுமார் 23 முறை கிளை பிரிகிறது. 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ளவற்றைச் சிறு காற்றுக்குழல்கள் என்கிறார்கள். குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். அப்படியானால் தடை முழுக்க இங்கேதானே இருக்க வேண்டும்? இல்லை. ஆயிரக்கணக்கான குழல்கள் பக்கம்பக்கமாக ஓடுவதால் மொத்தத் தடை மிகக் குறைவு. தலைமதகில் அடைப்பு என்றால் ஊருக்கே தெரியும். கடைமடையில் சில வாய்க்கால்கள் தூர்ந்துபோனால் மதகில் நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

ஆய்வாளர்கள் பீட்டர் மேக்லெம், ஜெரே மீட் இருவரும் 1967-இல் இதை அளந்து காட்டினார்கள். நாயின் நுரையீரலுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் சிறு குழலில் செருகி நிற்க வைத்து, அதற்கு அப்பால் உள்ள தடையைத் தனியாகக் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பின்னாளில் வந்த அளவீடுகள் இதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் அடிப்படை மாறவில்லை. 1970-இல் மீட் சிறு குழல்கள் உள்ள இந்த இடத்தை நுரையீரலின் அமைதிப் பகுதி என்றே அழைத்தார். பாதிப்பு வெகுவாக முற்றினால்தான் ஊதும் சோதனையில் தெரியும்.

அதனால் வேறு வழி தேடினார்கள். ஆசிலோமெட்ரி சோதனையில் மூக்கில் கிளிப் போட்டு, வாய்க்குழாயை உதடுகளால் இறுகக் கவ்வி, இரு உள்ளங்கைகளாலும் கன்னங்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கன்னம் அதிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். பிறகு சும்மா மூச்சு விட்டால் போதும். அரை நிமிடம்போலக் கருவி படபடவென்று மெல்லிய அழுத்த அலைகளை அனுப்பும். 5 ஹெர்ட்ஸ் அலை உள்ளே ஆழம் வரை போகும். 20 ஹெர்ட்ஸ் அலை பெரிய குழல்களோடு நின்றுவிடும். இரண்டு தடைகளுக்கும் உள்ள வித்தியாசம் சிறு குழல்களின் நிலையைக் காட்டும் என்பது கணக்கு. ஊதத் தெரியாத மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கும் செய்யலாம் என்பதே இதன் பெரிய வசதி. நைட்ரஜன் வெளியேற்றச் சோதனை இன்னொன்று. தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, நுரையீரலில் உள்ள நைட்ரஜன் நாற்பதில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு காற்று மாற வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். காற்றோட்டம் சீராக இல்லாத நுரையீரலில் இது இழுத்துக்கொண்டே போகும்.

ஒன்பது நாடுகளில் 773 ஆஸ்துமா நோயாளிகளைச் சோதித்த 'அட்லாண்டிஸ்' ஆய்வு 2019-இல் வெளியானது. ஏதாவது ஒரு அளவீட்டிலாவது சிறு குழல் கோளாறு தெரிந்தவர்கள் 91 சதவீதம். படித்ததும் மலைப்பாக இருக்கும். ஆனால் 'ஏதாவது ஒன்றில்' என்பதைக் கவனிக்க வேண்டும். பல வலைகளை வீசினால் ஏதோ ஒன்றில் சிக்கத்தான் செய்யும். 5-க்கும் 20-க்கும் உள்ள அந்த வித்தியாசத்தையே முழுதாக நம்பாத ஆய்வாளர்களும் உண்டு; தொண்டையும் கன்னமும்கூட அதில் கலந்துவிடும் என்கிறார்கள்.

சிகிச்சைக்கு இதனால் என்ன பயன்? வழக்கமான பல இன்ஹேலர்களின் மருந்துத் துகள் சுமார் 3 முதல் 5 மைக்ரான். ஒரு மைக்ரானை ஒட்டிய நுண்துகள் ஆழமாக இறங்கும். ஆனால் சிறு குழல் எண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்றினால் ஆஸ்துமா தாக்குதல் குறையுமா என்பது இன்னும் தீர்ந்த விஷயமல்ல. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் இழுப்பு நிற்கவில்லை என்றால், நல்ல மருத்துவர் முதலில் நோயாளி பஃப் எடுக்கும் விதத்தைப் பார்ப்பார்: சரியாக இழுக்கிறாரா, இன்ஹேலரோடு ஸ்பேசர் குழாய் வைத்துக்கொள்கிறாரா, மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டாரா என்று. ஆசிலோமெட்ரிக்கு எழுதிக்கொடுப்பது அதற்குப் பிறகுதான்.