கம்ப்யூட்டருக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனம்

சில மாதங்களுக்கு முன் நம் சங்க உறுப்பினரான சகோதரி ஒருவர் ஒரு குறுந்தகட்டைக் கொண்டு வந்தார். அவருடைய தந்தையார் பணி ஓய்வுக்குப் பிறகு, 2001-ஆம் ஆண்டு, ஊரை விட்டுக் கிளம்பி வந்த கதையையும் குடும்ப வரலாற்றையும் தாமே கம்ப்யூட்டரில் தமிழில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, தகட்டில் பதிந்து வைத்திருந்தார். தந்தையார் இப்போது இல்லை. இருந்த ஒரே அச்சுப் பிரதியும் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

"கடையில காட்டினேன் சார். இனிமே இது திறக்காது, விட்டுடுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

விட்டுவிட வேண்டியதில்லை. வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் நாலைந்து இடங்களில் தடுக்கும். எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. நம்மில் பல வீடுகளில் இப்படி ஒரு தகடோ ஃபிளாப்பியோ மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

ஏன் திறக்கவில்லை?

இரண்டு காரணங்கள். முதலாவது, பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன் பிறகு அடோபி நிறுவனம் இன்டிசைன் மென்பொருளுக்கு மாறிவிட்டது. பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைப் படிக்கும் வசதி இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்போடு நின்றுபோயிற்று.

இரண்டாவது காரணம் தமிழ் எழுத்துரு. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றது என்றாலும், விண்டோஸில் அது உள்ளபடியே வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000-இல்தான். அதுவரையிலும், அதற்குப் பின் பல ஆண்டுகளும், ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரு முறைகளை நிர்ணயித்தும் எல்லோரும் ஒன்று சேரவில்லை. ஆகவே அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்து வரிசை. உரிய எழுத்துரு இருந்தால் அது 'அம்மா' என்று தெரியும். இல்லாவிட்டால் மேலே புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும்.

எனவே நமக்கு வேண்டியவை மூன்று: பழைய விண்டோஸ், பழைய பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு. விண்டோஸ் எக்ஸ்பியை இன்றைய மடிக்கணினியில் நேரடியாக நிறுவுவது நடக்காத காரியம். அது 2001-இல் வந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அப்படியானால் என்ன செய்வது? புதிய கம்ப்யூட்டருக்குள்ளேயே அதை ஒண்டுக்குடித்தனம் வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர், ஒப்பந்தம், குடித்தனக்காரர்

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு ஒண்டுக்குடித்தனத்தை விளக்கவே தேவையில்லை. வீடு ஒருவருடையது. அதில் ஓர் அறையை நமக்கு ஒதுக்குகிறார். உள்ளே நம் சமையல், நம் பேச்சு, நம் பண்டிகை. வெளியே அவர் சட்டம்.

மெய்நிகர் கணினி என்பதும் இதுதான். உங்கள் மடிக்கணினியில் உள்ள விண்டோஸ் 11 வீட்டுக்காரர். அதில் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவினால், அது நினைவகத்தில் கொஞ்சம், வட்டில் கொஞ்சம் ஒதுக்கி, ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கித் தரும். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி குடியேறுகிறது. தான் ஒரு தனிக் கம்ப்யூட்டரில் ஓடுவதாகவே அது நினைத்துக் கொண்டிருக்கும். இந்த யோசனை புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு விஎம்/370 என்ற பெயரில் இதை விற்றது. வர்ச்சுவல்பாக்ஸ் வெளியானது 2007-இல். இன்று ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் அடிப்படைத் தொகுப்பு இலவசம். எக்ஸ்பிக்கு மட்டும் உங்களிடம் உள்ள பழைய தகடும் அதன் உரிம எண்ணும் வேண்டும்.

கோளாறு வரும்போது எல்லோரும் செய்யும் தவறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. அது வேண்டாம். ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தகராறு வீட்டுக்காரரிடமா, ஒப்பந்தத்திலா, குடித்தனக்காரரிடமா? குடித்தனம் தொடங்கவே இல்லை என்றால் வீட்டுக்காரர். தொடங்கி, விண்டோஸ் ஏறாமல் நின்றால் ஒப்பந்தம், அதாவது மெய்நிகர் கணினியின் அமைப்புகள். விண்டோஸ் ஏறிய பிறகு தொல்லை என்றால் குடித்தனக்காரர். பத்துக்கு ஒன்பது கோளாறுகள் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

வீட்டுக்காரர் தகராறு

சகோதரியின் மடிக்கணினியில் முதலில் வந்த செய்தி, விடி-எக்ஸ் அணைக்கப்பட்டிருக்கிறது என்பது. இன்றைய இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் மெய்நிகர் கணினிக்கென்றே ஒரு வசதி உண்டு. இன்டெல் அதை விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி எஸ்விஎம் என்றும் அழைக்கின்றன. வர்ச்சுவல்பாக்ஸ் 6.1 பதிப்பிலிருந்து இது கட்டாயம். சில கம்ப்யூட்டர்களில் இது அணைந்த நிலையிலேயே வருகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், சிபியு என்ற பக்கத்தில் வர்ச்சுவலைசேஷன் என்ற வரியைப் பாருங்கள். டிசேபிள்டு என்றிருந்தால், கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கி, எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸ் பக்கத்துக்குள் போய் அதை இயக்க வேண்டும். எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போகும் முன் பிட்லாக்கர் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் கேட்கும்.

அடுத்தது ஆமை. வர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸ் 11 தன்னுடைய ஹைபர்-வி வசதிக்காக அந்தச் சில்லு வசதியை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். குடித்தனம் நடக்கும், ஆனால் மெதுவாக. பொறுத்துக்கொள்ள முடிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் ஹைபர்-வி, வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும், பாதுகாப்புப் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியையும் வேலை முடியும் வரை மட்டும் அணைக்கலாம். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லு உள்ள மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. அந்தச் சில்லின் மொழியே வேறு. யூடிஎம் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து எக்ஸ்பியை ஓட்டும், வேகம் குறைவு. நண்பர் வீட்டு சாதாரண கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்குவது சுலபம்.

ஒப்பந்தத் தகராறு

பேராசையால் வருவது முதல் தகராறு. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அன்று பரிந்துரைத்த நினைவகம் வெறும் 128 எம்.பி. நீங்கள் 512 எம்.பி. கொடுத்தால் ராஜபோகம். வட்டு 10 ஜி.பி. போதும். சிலர் இருக்கும் 8 ஜி.பி. நினைவகத்தில் 6-ஐத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் மூச்சுவிட முடியாமல் தவிக்க, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

தொடங்க வட்டே இல்லை என்று கறுப்புத்திரையில் செய்தி வந்தால், எக்ஸ்பி தகட்டை நீங்கள் இன்னும் உள்ளே போடவில்லை. இன்றைய மடிக்கணினிகளில் தகடு போடும் இடமே இல்லையே என்பீர்கள். யூஎஸ்பியில் செருகும் தனி டிவிடி ரைட்டரை இரவல் வாங்கி, தகட்டை ஐஎஸ்ஓ கோப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் அந்தக் கோப்பையே தகடாக ஏற்றுக்கொள்ளும்.

தகடு ஓடி, வன்தட்டைக் காணோம் என்று எக்ஸ்பி சொன்னால், அமைப்புகளில் வட்டு சாட்டா வகையில் இருக்கிறது. எக்ஸ்பி காலத்து வழக்கமான ஐடிஇ வகைக்கு மாற்றுங்கள். இஎஃப்ஐ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு அது புரியாது. பழைய கம்ப்யூட்டரின் வன்தட்டை அப்படியே பிரதியெடுத்து ஏற்றுபவர்களுக்கு, நீலத்திரையில் 7பி என்று முடியும் எண் வரலாம். அதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த வட்டு வகைதான்.

அமைப்புகள் எல்லாம் மங்கலாக, மாற்ற முடியாமல் இருக்கின்றனவா? குடித்தனக்காரர் ஓடிக்கொண்டிருக்கிறார், அல்லது பாதியில் தூங்க வைக்கப்பட்டிருக்கிறார். முறைப்படி ஷட்டவுன் செய்துவிட்டு மாற்றுங்கள்.

குடித்தனக்காரர் தகராறு

எக்ஸ்பி ஏறிவிட்டது. ஆனால் திரை தபால்தலை அளவில் இருக்கிறது, மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. வலது பக்க கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டினால் மவுஸ் விடுபடும். நிரந்தரத் தீர்வுக்கு, சாளரத்தின் டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் தகட்டைச் செருகச் சொல்லி, அதை எக்ஸ்பிக்குள் நிறுவுங்கள். திரை பெரிதாகும். இருவருக்கும் பொதுவான ஃபோல்டர் ஒன்றும் கிடைக்கும். விண்டோஸ் 98-க்கு இந்த கெஸ்ட் அடிஷன்ஸ் கிடையாது. எக்ஸ்பியைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடனே நெட்வொர்க்கைத் துண்டித்துவிடுங்கள். பத்தாண்டுக்கு மேலாகப் பூட்டு மாற்றாத வீடு அது. நமக்கு வேண்டியது பொது ஃபோல்டர் மட்டுமே. பிறகு ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்து வையுங்கள். என்ன குளறுபடி செய்தாலும் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது நடுவில் நின்றால், வீட்டுக்காரரின் வட்டு நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள்.

எழுத்து கண்ணில் படும் நேரம்

இனிமேல்தான் கவனம் அதிகம் வேண்டும். தகட்டின் பிரதியில் வேலை செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள், ஏனெனில் பேஜ்மேக்கர் பெரும்பாலும் படங்களைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கும். பேஜ்மேக்கரைத் திறக்கும் முன்பே எழுத்துருக்களை நிறுவுங்கள். இல்லாவிட்டால், 'இந்த எழுத்துரு இல்லை, வேறு போடட்டுமா' என்று கேட்கும். நிரந்தரமாக மாற்று என்பதை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. சேமிக்காமல் மூடுங்கள்.

அந்தக் காலத் தமிழ் மென்பொருள்கள் சில, பிரின்டர் துளையில் செருகும் டாங்கிள் பூட்டு இல்லாமல் ஓடாது. பூட்டு தொலைந்தது என்று கலங்க வேண்டாம். தட்டச்சு செய்யத்தான் அந்த மென்பொருள் வேண்டும். படிக்க எழுத்துருக் கோப்பு ஒன்றே பெரும்பாலும் போதும். சகோதரியின் தகட்டில் எழுத்துரு இல்லை. எங்களை இரண்டு வாரம் அலைய வைத்தது அதுதான், விடி-எக்ஸும் அல்ல, ஆமையும் அல்ல. கடைசியில் அவருடைய சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடைத்தது.

திறந்த பின் இரண்டு விதமாக வெளியே எடுக்க வேண்டும். ஒன்று, பக்கத்தின் தோற்றம். எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைப் பெயருக்கு நிறுவி, கோப்பாக அச்சிட்டு, வெளியே கோஸ்ட்ஸ்கிரிப்ட் கொண்டு பிடிஎஃப் ஆக்கலாம். இரண்டாவது, எழுத்து. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக ஏற்றுமதி செய்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு கிடைக்கும். பழைய முறைகளில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் 'க' அடிப்பார்கள். யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பின்னால். மாற்றும்போது இங்கே சறுக்கும். ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

சகோதரி அந்த மெய்ப்புப் பணியை வேறு யாரிடமும் தரவில்லை. தமிழ் படிக்கத் தடுமாறும் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தினம் இரண்டு பக்கம் என்று வாசித்து வருகிறார். தாத்தா டிக்கெட் இல்லாமல் ரயிலேறிப் பிடிபட்ட கட்டம் வரை வந்திருக்கிறார்களாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டர்கள் கபாடிக்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. கொடுக்கும் முன் ஒரு சிறு வேலை. அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். உங்கள் கோப்புக்கு இல்லாவிட்டாலும், நம்மில் வேறு யாருடைய அப்பா எழுதியதற்கோ அது சாவியாக இருக்கலாம்.