விரல் சூப்பும் குழந்தையின் கைப்புண்

விரல் சூப்பும் குழந்தையின் கைப்புண் என்பது, குழந்தை தன் பெருவிரலையோ பிற விரல்களையோ அடிக்கடி வாயில் வைத்துச் சூப்புவதால் அவ்விரலின் தோல் ஊறி, சிவந்து, வெடித்துப் புண்ணாகும் நிலையைக் குறிக்கும். ஒன்று முதல் மூன்று வயது வரையான தளர்நடைப் பருவக் குழந்தைகளிடம் இதனைக் காணலாம். பெரும்பாலும் இது தீங்கற்றது. ஆயினும் பிற சிறு காயங்களைப் போல இது தானாக விரைவில் ஆறிவிடுவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, புண்ணை உண்டாக்கிய செயல் நாள்தோறும் தொடர்கிறது. அதை விடுமாறு சொன்னால் புரிந்துகொள்ளும் வயதும் குழந்தைக்கு இல்லை. இரண்டாவது, புண்ணின் மேல் பூசப்படும் எதுவும் சற்று நேரத்தில் வாய்க்குள் சென்றுவிடும். எனவே இப்புண்ணுக்கு மருந்தைத் தேர்வது ஏறத்தாழ உணவுப் பொருளைத் தேர்வது போன்றதாகும்.

விரல் சூப்பும் பழக்கம்

சூப்புதல் பிறவியிலேயே அமைந்த ஓர் அனிச்சைச் செயல். பால் குடிப்பதற்கு மட்டுமன்றி, பசியில்லாத போதும் குழந்தை தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள விரலைச் சூப்புகிறது. கருவிலிருக்கும் சிசு விரல் சூப்புவதை மீயொலிப் படங்களில் காணமுடியும். வட அயர்லாந்தின் பெல்ஃபாசுட்டு நகரிலுள்ள குயின்சு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹெப்பர் குழுவினர், கருவில் விரல் சூப்பிய 75 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்து 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். கருவில் வலது பெருவிரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைப் பழக்கம் உடையவர்களாக வளர்ந்திருந்தனர். இடது பெருவிரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைப் பழக்கத்தினராகவும் ஐவர் வலக்கைப் பழக்கத்தினராகவும் இருந்தனர். குழந்தை உணவு எடுக்கவும் விளையாடவும் பயன்படுத்தும் கையே பெரும்பாலும் புண்ணாகும் கையாகவும் இருப்பதற்கு இது ஒரு விளக்கமாகக் கொள்ளத்தக்கது.

பெரும்பாலான குழந்தைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இப்பழக்கத்தைத் தாமாகவே விட்டுவிடுகின்றனர். மேலைநாட்டு மருத்துவர்கள் ஒரு காலத்தில் இதனைக் கடுமையான தீய பழக்கமாகக் கருதினர். செருமானிய மருத்துவரான ஹைன்ரிச் ஹாஃப்மன் 1845 இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான படக்கதை நூலில், விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்களைத் தையற்காரர் ஒருவர் கத்தரித்துவிடுவதாக ஒரு கதை உண்டு. இன்றைய குழந்தை மருத்துவத்தில் இத்தகைய அச்சுறுத்தலுக்கு இடமில்லை.

புண் உண்டாகும் விதம்

தோலின் மிக வெளிப்புற அடுக்கு, இறந்த உயிரணுக்களும் அவற்றிடையே நிரம்பிய கொழுப்பும் சேர்ந்தது. இதனைச் செங்கல்லும் சாந்தும் கொண்ட சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். வாயில் வைத்த விரலில் இந்தச் செங்கற்கள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன, சாந்து தளர்கிறது. நெடுநேரம் துணி துவைத்தவரின் விரல்கள் வெளிறிச் சுருங்குவது போன்ற தோற்றம் அப்போது உண்டாகும். ஊறிய தோல் வலுவற்றது. அதன் மீது பற்களும் நாக்கும் உராய்வதால் மேல் அடுக்கு பெயர்ந்து போகிறது.

விரலை வெளியே எடுத்த பின்னரே அடுத்த பாதிப்பு தொடங்குகிறது. உமிழ்நீர் காற்றில் உலரும்போது தோலின் சொந்த ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. தோல் இறுகி, மூட்டு மடிப்புகளில் வெடிக்கிறது. மேலும், தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையது. உமிழ்நீரோ நடுநிலைக்கு நெருக்கமானது. உமிழ்நீரிலுள்ள செரிமான நொதிகளும் ஏற்கெனவே சிதைந்த தோலை உறுத்துகின்றன. வாய்க்குள் ஏற்படும் காயங்கள் விரைவாக ஆறுவதற்கு உதவும் அதே உமிழ்நீர், வெளித்தோலில் மாறி மாறி நனைந்து உலரும்போது புண்ணை வளர்ப்பது விந்தையே.

எல்லாக் குழந்தைகளுக்கும் புண் உண்டாவதில்லை. சிலருக்கு மூட்டின் மேல் காய்ப்பு மட்டுமே காய்க்கிறது. இது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்பதால் அதனைத் தேய்த்து அகற்ற வேண்டியதில்லை. வறண்ட தோலும் கரப்பான் போன்ற தோல் அழற்சியும் உடைய குழந்தைகளுக்குப் புண் எளிதில் ஏற்படும்.

புண் வந்த பின் ஒரு சுழற்சி உருவாகிறது. விரல் வலிப்பதால் குழந்தை அழுகிறது. அழுகையைத் தணிக்க அதே விரலையே வாயில் வைக்கிறது. விரலைப் பிடுங்கினால் அழுகை மிகுந்து, சூப்பும் விருப்பமும் மிகுகிறது. இதனாலேயே, புண்ணை ஆற்றுவதையும் பழக்கத்தை நிறுத்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்வது பெரும்பாலும் தோல்வியில் முடிகிறது.

ஆறுவதற்குத் தேவையான நேரம்

மேல் அடுக்குச் சிதைந்த தோல் தன் தடுப்பாற்றலை மீட்கும் வேகத்தை ஆய்வாளர்கள் அளந்துள்ளனர். நலமான வளர்ந்தோரிடம் முதல் ஆறு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி மீள்கிறது. முழுமையாக மீள ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். பகலில் அரை மணிக்கு ஒருமுறை நனையும் விரலுக்கு இந்த முதல் ஆறு மணி நேரம் கிடைப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் வேலை தொடக்கத்திலிருந்து நடக்கிறது.

ஆனால் இரவில் நிலைமை வேறு. பல குழந்தைகள் விரலை வாயில் வைத்துக்கொண்டே உறங்கத் தொடங்கினாலும், உறக்கம் ஆழ்ந்ததும் தாடை தளர்ந்து விரல் தானாக வெளியே வந்துவிடுகிறது. அதன் பின் பல மணி நேரம் கை உலர்ந்தே இருக்கும். சூப்பும் குழந்தையின் கைப்புண்ணுக்கு வாய்க்கும் சிறந்த மருத்துவ நேரம் இதுவே. பகலில் பத்து முறை மருந்து பூசுவதைவிட, குழந்தை நன்கு உறங்கிய பின் ஒருமுறை பூசுவது மிகுந்த பயன் தருவது.

பூசத்தக்கவை

நிறமும் மணமும் சேர்க்காத வெண்ணிறப் பெட்ரோலியம் ஜெல்லி இதற்கு முதன்மையானது. வாசலின் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படும் இப்பொருளை உருவாக்கும் முறைக்கு அமெரிக்கரான இராபர்ட் செசுபரோ 1872 இல் காப்புரிமை பெற்றார். இது தோலின் மேல் படலமாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியிலிருந்து உமிழ்நீர் புகாமலும் தடுக்கிறது. விரலில் பூசிய சிறிதளவு வாய்க்குள் போனாலும் நஞ்சாவதில்லை. தேங்காய் எண்ணெயும் உண்ணத்தக்கது என்பதால் பாதுகாப்பானதே. ஆனால் அது மெல்லிய படலமாகையால் உமிழ்நீரில் விரைவில் கழுவப்பட்டுவிடும்.

புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைக்க வேண்டும் என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. 1962 இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் நடத்திய ஆய்வு, பாலித்தீன் தாளால் மூடி ஈரப்பதம் காக்கப்பட்ட காயங்களில் புதிய மேற்றோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்வதைக் காட்டியது. இங்கே ஈரப்பதம் வேறு, நனைதல் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். களிம்பின் அடியில் தோல் தன் சொந்த ஈரத்தைக் காத்துக்கொள்வது ஆறுவதற்கு உதவுகிறது. உமிழ்நீரில் ஊறுவது கெடுக்கிறது. ஆகவே, முதலில் கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, மென்துணியால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, அதன் பின்னரே களிம்பைப் பூச வேண்டும். ஈர விரலின் மேல் பூசினால் உமிழ்நீரையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

பகலில் உணவுக்குப் பின்னும் கை கழுவிய பின்னும் மெலிதாகப் பூசினால் போதும். சோப்பு மணமற்றதாகவும் மென்மையானதாகவும் இருத்தல் நலம். எலுமிச்சை, புளி, மிளகாய் சேர்ந்த உணவைக் குழந்தை தன் கையால் பிசைந்து உண்ணும்போது வெடிப்புகள் எரியும். அந்தச் சில நாட்களுக்குத் தயிர்ச்சோறோ பருப்புச்சோறோ ஊட்டிவிடுவது எளிய தீர்வு. அழற்சி மிகுதியாக இருந்தால் மருத்துவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்களுக்குப் பரிந்துரைக்கலாம். அதுவும் உறங்கிய பின்னரே பூசப்படுவது. மருந்துக்கடைகளில் கேட்டு வாங்கப்படும் கலவைக் களிம்புகள் பலவற்றில் வீரியம் மிக்க ஸ்டீராய்டுகள் இருப்பதால், அவற்றைத் தாமாகப் பயன்படுத்துவது தவறு.

பூசக் கூடாதவை

விரல் சூப்புவதை நிறுத்துவதற்காக வேப்பெண்ணெய், வேப்பிலைச் சாறு, மிளகாய் முதலியவற்றைத் தடவும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. புண் இல்லாத விரலிலேயே இது கேள்விக்குரியது. புண்ணான விரலில் இது துன்புறுத்தலே ஆகும். மிளகாயின் காரம் தொட்ட கையால் குழந்தை கண்ணையும் கசக்கும். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று கருதுவதற்கில்லை. அதனை உட்கொண்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, ஈரல் மற்றும் மூளைப் பாதிப்பு ஏற்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981 இல் பதிவு செய்துள்ளனர்.

கற்பூரம் கலந்த தைலங்கள் விழுங்கப்பட்டால் வலிப்பை உண்டாக்கக்கூடியவை. போரிக் அமிலப் பொடியும் சிறு குழந்தைகளுக்கு நஞ்சு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் விரலில் தேன் தடவுதல் கூடாது. பொட்டுலிசம் என்னும் கடும் நோய்க்கு அது காரணமாகலாம். வலியை மரக்கச் செய்யும் பென்சோகெயின் கலந்த வாய்ப்பூச்சுகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டாம் என ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும் என்பதே காரணம்.

கட்டும் கையுறையும்

ஒட்டுப்பட்டை எளிய வழியாகத் தோன்றினும், சூப்பும் குழந்தைக்கு ஏற்றதன்று. உமிழ்நீரில் நனைந்து கழன்ற பட்டை தொண்டையில் சிக்கி மூச்சை அடைக்கலாம். கழலாவிட்டாலும் அதனடியில் தோல் ஊறிக்கொண்டே இருக்கும்.

உறங்கும் நேரத்தில் தளர்வான பருத்திக் கையுறை அணிவிக்கலாம். நீண்ட கைகளையுடைய சட்டையும் இதற்கு உதவும். கையுறையை அணிவிக்குமுன் உட்புறத்தை வெளியே திருப்பிப் பார்த்து, தொங்கும் நூல்களைக் கத்தரித்துவிடுவது மிக இன்றியமையாதது. நூலோ முடியோ விரலைச் சுற்றி இறுகினால் குருதியோட்டம் தடைப்படும். பேசத் தெரியாத குழந்தையிடம் அது அழுகையாக மட்டுமே வெளிப்படும். காரணம் தெரியாத அழுகையின்போது கையுறையைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

தொற்று

வெடித்த தோல் வழியே நுண்ணுயிர்கள் நுழையலாம். நகத்தைச் சுற்றி வீங்கிச் சிவந்து வலிக்கும் நகச்சுற்று இவற்றுள் பொதுவானது. வாயிலுள்ள பாக்டீரியாக்களும் இதில் பங்கு கொள்வதால், குழந்தை விரல் சூப்பும் என்பதை மருத்துவரிடம் சொல்வது மருந்துத் தெரிவை மாற்றக்கூடிய செய்தியாகும். நெடுநாள் நீடிக்கும் நகச்சுற்றில் காண்டிடா என்னும் பூஞ்சையும் காணப்படுவதுண்டு.

கொத்தாக எழும் சிறு நீர்க்கொப்புளங்கள் வேறு வகையானவை. வாய்ப்புண்ணை உண்டாக்கும் ஹெர்ப்பிசு வைரசு, சூப்பும் விரலுக்குத் தாவுவதால் இவை தோன்றுகின்றன. பார்வைக்குச் சீழ்க்கட்டி போலிருந்தாலும் இவற்றைக் கீறிவிடக் கூடாது; கீறினால் தொற்று பரவும். பொதுவாக இரண்டு மூன்று வாரங்களில் இவை அடங்கிவிடும். எனினும் மருத்துவரிடம் காட்டுவது தேவை.

சீழ், காய்ச்சல், கையின் மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, விரலை மடக்க மறுத்தல் ஆகியவை காணப்பட்டால் வீட்டுப் பராமரிப்பை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்திருந்தால் அது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடிய நிலையன்று. இவை எதுவும் இல்லாமல், முறையான பராமரிப்புக்குப் பின்னும் இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணையும் காட்டுதல் நன்று.

பழக்கத்தை விடச் செய்தல்

புண் ஆறும்வரை பழக்கத்தை நிறுத்தும் முயற்சியைத் தள்ளிவைப்பது தக்கது. பகலில் இரு கைகளுக்கும் வேலை தரும் விளையாட்டு, மாவு பிசைதல், பொம்மையைப் பிடித்துக்கொள்ளுதல் போன்றவை நனையும் நேரத்தைக் குறைக்கின்றன. களைப்பு, பசி, சலிப்பு ஆகிய வேளைகளிலேயே விரல் வாய்க்குப் போகிறது என்பதால், தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துவதே சில குழந்தைகளுக்குப் போதுமானதாகிறது. சில குழந்தைகள் வலிக்கும் விரலை விட்டு மறு கை விரலுக்கு மாறிக்கொள்வர். இதனைத் தடுக்கத் தேவையில்லை. புண்ணான விரலுக்கு அது ஓய்வு.

நிலையான பற்கள் முளைக்கும் வயதிலும் சூப்புதல் தொடர்ந்தால் முன்பற்கள் முன்தள்ளி, மேல் கீழ்ப் பற்களிடையே இடைவெளி விழலாம். பாராட்டு, சிறு பரிசு, பல்மருத்துவர் பொருத்தும் கருவி ஆகியவை அப்போது பயன்படுகின்றன. இவை காரணம் புரிந்துகொள்ளும் வயதுக் குழந்தைகளுக்கானவை.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73 இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து 2016 இல் ஒரு முடிவு வெளியானது. 13 வயதில் செய்த தோல் சோதனையில், விரல் சூப்பாத, நகம் கடிக்காத பிள்ளைகளில் 49 விழுக்காட்டினர் ஒவ்வாமை நாட்டம் காட்டினர். இவ்விரண்டில் ஒரு பழக்கம் இருந்தோரிடம் இது 40 விழுக்காடாகவும், இரண்டும் இருந்தோரிடம் 31 விழுக்காடாகவும் இருந்தது. ஆயினும் ஆசுத்துமா, தூசுக் காய்ச்சல் ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. இப்பழக்கத்தை ஊக்குவிக்குமாறு ஆய்வாளர்கள் பரிந்துரைக்கவும் இல்லை.