முதற்பார்வையும் திருக்கோணமலையும்

புதிய ஊரொன்றிற் காலடி வைக்கும் மனிதன் முதலில் எதைக் காண்கின்றான்? ஊரைக் காண்கின்றான் என்பது எளிய விடை. ஆயினும் சற்று ஆராய்ந்து பார்த்தால், அவன் தன் தேவையையே முதலிற் காண்கின்றான் என்பது புலனாகும். பசித்து வந்தவனுக்கு உணவுச்சாலையும், களைத்து வந்தவனுக்குச் சத்திரமும், வாணிகனுக்குச் சந்தையும் கண்ணிற் படுகின்றன. ஊரோ இவற்றுக்கெல்லாம் பின்னே தன் வாழ்வைத் தான் வாழ்ந்து கொண்டிருக்கின்றது. இவ்வுண்மைக்குத் திருக்கோணமலைத் துறைமுகத்தைப் போலச் சான்று பகரும் இடங்கள் மிகச் சிலவே.

கடல் வழியாக வருவோன் கண்ணுக்கு முதலில் தோன்றுவது சுவாமிமலை. நீரிலிருந்து செங்குத்தாய் நிமிர்ந்தெழும் அப்பாறையின் உச்சியிற் கோணேசர் கோயில் விளங்குகின்றது. அதனைக் கடந்து தெற்கே திரும்பினால், மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா விரிகின்றது. அதற்கும் உள்ளே, குன்றுகள் அரண்போற் சூழ, ஆழமும் அமைதியும் ஒருங்கே வாய்ந்த உட்டுறைமுகம் அமைந்திருக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரை நெடுகிலும் பெருங்கப்பல்கள் ஒதுங்குவதற்குத் தகுந்த இடம் அக்காலத்தில் இல்லை. ஆகவே, வங்கக் கடலை ஆள விரும்பிய ஒவ்வோர் அரசும் இத்துறைமுகத்தின்மீது கண் வைத்தது.

அவர்கள் கண்டது நீரின் ஆழத்தை, ஊரை அன்று. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டந்தைன் டி சா 1624ஆம் ஆண்டளவில் இங்கே கோட்டை கட்டினான். இடிக்கப்பட்ட கோயிலின் கற்களே அக்கோட்டைக்குச் சுவராயின. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டொன்றிலேயே அது இருமுறை கைமாறிற்று: சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தான். பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மீண்ட அது, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இலங்கை 1948இல் விடுதலை பெற்ற பின்னரும், 1957 வரை ஆங்கிலேயக் கடற்படைத்தளம் இங்கே நீடித்தது. வந்தவர் எத்தனை பேர்! ஊரை அறிந்தவர் எத்தனை பேர்?

அவ்வாறு அறிந்தவருள் ஒருவன், போருக்கு வராமற் புயலால் வந்தவன். 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்துக் கடலில் அடித்த பெரும்புயலில், 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் பெரிய பாய்மரத்தை வெட்டியெறிய நேர்ந்தது. புதுப் பாய்மரம் நிறுத்துவதற்கும், அதற்கிடையில் துணி விற்பதற்குமாக அக்கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற்றலைவன் பெயர் றொபேட் நொக்ஸ். உடன் வந்த அவன் மகனுக்கும் அதே பெயர். வயது ஏறத்தாழப் பத்தொன்பது.

முன்பின் அறியாத கரையில் இறங்கியபோது அவர்கள் அஞ்சினர், ஊராரை ஐயுற்றனர். ஆனால் நாள்கள் செல்லச் செல்ல அச்சம் அகன்றது. ஊர் மக்கள் பணத்துக்கு உணவுப் பொருள்களை அன்போடு கொடுத்தனர். விரும்பியபோது கரைக்கு வரவும் கப்பலுக்குத் திரும்பவும் தடையில்லை. இருபது நாள்களில் ஐயமெல்லாம் நீங்கிற்று. இவ்வூர் நல்லூர் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

அம்முடிவு பொய்யன்று, ஆனால் முழுமையன்று. கரையில் இருந்தோர் முகத்தைக் கண்டவர்கள், மலைநாட்டிலிருந்து அக்கரையைக் கவனித்துக் கொண்டிருந்த கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் கண்ணைக் காணவில்லை. தாம் வந்த நோக்கத்தை அவனுக்கு அறிவிக்கவும் இல்லை. அரசனோ, கடல்வழி வந்த அயலாரின் கோட்டைகளைத் தன் நாட்டுக் கரையோரமெங்கும் கண்டு மனம் கசந்தவன். பாய்மரம் ஒடிந்த வணிகக் கப்பலும் அவனுக்குப் பகைக் கப்பலாகவே தோன்றியிருத்தல் கூடும். இருபுறத்து முதற்பார்வையும் பிழைத்தன. 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் தந்தையும் மகனும் உட்படப் பதினாறு பேர் சிறைப்பட்டனர்.

இங்கே நடந்த ஒரு செய்தி நெஞ்சை உருக்குவது. கப்பலிலிருப்போருக்குத் தகவல் சொல்லும்படி மகனை அனுப்பினார்கள். அவன் கப்பல் ஏறினான். தந்தையின் சொல்லைத் தெரிவித்தான். அங்கேயே தங்கியிருந்தால் அவன் உரிமை மனிதன். ஆயினும் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காத்து, தானே கரைக்குத் திரும்பிச் சிறைப்பட்டான். கப்பல் போயிற்று. மறு ஆண்டு பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் மாண்டார். மகன் தொப்பி பின்னியும், ஊரூராகச் சென்று சில்லறைப் பொருள் விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுகளை மலைநாட்டிற் கழித்தான். 1679இல் ஒரு தோழனோடு தப்பி, அநுராதபுரக் காடுகளைக் கடந்து, மன்னாரையடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான்.

இத்துணைத் துன்புற்றவன் எழுதிய நூல் எவ்வாறிருக்கும்? வசை நிரம்பியிருக்கும் என்றே எண்ணுவோம். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி நாட்டையும், இரண்டாவது அரசனையும், மூன்றாவது மக்களையும் பற்றியன. தன் சிறைவாழ்வை அவன் இறுதியிலேயே வைத்தான்! வயல் உழும் முறை, நெல்வகை, வீடு, உணவு, மணவழக்கு, நோய், சாவு என யாவற்றையும் பொறுமையோடு எழுதினான். அரசனின் கொடுமையை மறைக்கவில்லை. அதற்காக மக்களின் வாழ்வைக் குறைத்துக் காட்டவும் இல்லை. இருபது நாள்களிற் கிட்டாத அறிவு அவனுக்கு இருபதாண்டளவிற் கிட்டியது. டீஃபோ 1719இல் வெளியிட்ட 'றொபின்சன் குறூசோ' கதைக்கும் இவன் வரலாறு ஒரு தூண்டுகோலாயிருந்தது என அறிஞர் பலர் கருதுவர்.

நொக்ஸ் வருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வூரிற் காலடி வையாமலே இதனைக் கண்டவர் ஒருவர் உண்டு. திருஞானசம்பந்தர் கடல் கடந்து வரவில்லை. இராமேச்சுரத்திலிருந்தே திருக்கோணமலையைப் போற்றிப் பாடினார் என்பது சேக்கிழார் வாக்கு. அப்பதிகத்தில் ஒலிக்கும் கடலும், அலை கொழிக்கும் முத்தும் வருகின்றன. அவற்றோடு குடிகள் நெருங்கிப் பெருகி வாழும் காட்சியும் வருகின்றது. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற படைத்தலைவர் பலர் காணாத குடிகளை, அக்கரையில் நின்ற அடியார் கண்டார். உடல் சென்று சேர்வது மட்டும் ஓர் ஊரை அடைவதாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இன்று அங்கே செல்வோன் கோட்டை வாயிலைக் கடந்தே கோயிலுக்கு ஏற வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரிகின்றன. 1950இல் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட பழைய திருவுருவங்களும், 1956இல் கடலடியில் மூழ்கியோர் கண்ட தூண்களும், 1963இல் குடமுழுக்குப் பெற்ற புதுக்கோயிலும் பழைய கதையைச் சொல்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் நகரம் அது. போரின் நெடிய ஆண்டுகளையும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் தாங்கிய முகங்கள் அதன் தெருக்களில் இருக்கின்றன. மானும் மலையும் அரைநாளிற் கண்ணில் நிறைந்துவிடும். அம்முகங்களைப் படிப்பதற்கு அரைநாள் போதாது.

நம் மாணவர் பலர் இன்று கல்விக்கும் தொழிலுக்குமாக அயல்நாட்டு நகரங்களிற் சென்று இறங்குகின்றனர். இறங்கிய வாரத்திலேயே அந்நகரைப் பற்றித் தீர்ப்பெழுதும் ஆவல் எவர்க்கும் எழுவது இயல்பு. எழுதட்டும், முதற்பார்வைக்கும் ஓர் அழகுண்டு. ஆயினும், அங்கேயே பிறந்து வளர்ந்தோரும் வந்தவரைத் தம் முதற்பார்வையால் அளந்து கொண்டிருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. வந்தவன் தன் வரவின் நோக்கத்தைச் சொல்லவும், இருந்தவன் அதனைக் கேட்கவும் அன்று கொட்டியாரக் கரையில் ஒரு வழி இருந்திருந்தால், ஓர் இளைஞனின் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிற் கழிந்திரா.