இலவச டெமோவுக்கு எதற்கு இத்தனை பூட்டு?

2008 ஜூன் மாதம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ‘ஸ்போர் கிரீச்சர் கிரியேட்டர்’ என்ற சிறு மென்பொருளை வெளியிட்டது. ‘ஸ்போர்’ என்ற பெரிய வீடியோ கேம் செப்டம்பரில் வரவிருந்தது. அதுவரை ரசிகர்கள் கால்களையும் கண்களையும் கொம்புகளையும் ஒட்டவைத்துத் தங்களுக்குப் பிடித்த உயிரினங்களை உருவாக்கிப் பார்க்கட்டும் என்று தந்த முன்னோட்டம் அது. முழுத் தொகுப்புக்கு விலை உண்டு. உறுப்புகளில் கால்பங்கை மட்டும் கொண்ட இன்னொரு பதிப்பு இலவசம்.

சில மாதங்களிலேயே அந்த இலவசப் பதிப்பைக் குறித்து அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. மென்பொருளோடு சேர்ந்து செக்யூராம் என்ற நகல் தடுப்பு நிரலும் கணினிக்குள் நுழைகிறது, அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்லவில்லை, முன்னோட்டத்தை அழித்த பிறகும் அது போவதில்லை என்பது குற்றச்சாட்டு. பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிய சண்டை அல்ல இது. ஒரு காசு கூட விலையில்லாத, யார் வேண்டுமானாலும் நிறுவனத்திடமிருந்தே இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றியது. அதை யார் திருடப்போகிறார்கள்?

டெமோ என்பதே நகலெடுக்கப்படுவதற்காகப் பிறந்தது. 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டபோது, மூன்று பாகங்களில் முதல் பாகத்தை அப்படியே இலவசமாக விட்டது. ஒன்பது கட்டங்கள், நாள்கணக்கில் விளையாடலாம். நண்பர்களுக்குக் கொடுங்கள், பிளாப்பியில் போட்டு அனுப்புங்கள் என்று நிறுவனமே கேட்டுக்கொண்டது. பிடித்துப்போனால் மீதிப் பாகங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஷேர்வேர் என்ற இந்த முறையை 80-களின் இறுதியில் அபோஜி நிறுவனத்தின் ஸ்காட் மில்லர் விளையாட்டுகளுக்கு ஏற்றபடி வகுத்திருந்தார். ‘உல்ஃபன்ஸ்டைன் 3டி’, ‘டூம்’ இரண்டும் அந்த வழியில்தான் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தன. இணையம் டயல்-அப் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் கணினி இதழ்களோடு வரும் சிடிக்கள் இந்த வேலையைச் செய்தன. இந்தியாவில் சிப், டிஜிட் இதழ்களின் சிடிக்களைப் புதுப்புது டெமோக்களுக்காகவே எதிர்பார்த்திருந்தவர்கள் உண்டு.

மாம்பழக் கடைக்காரர் ஒரு துண்டு நறுக்கிக் கையில் வைப்பது போன்ற வியாபாரம் இது. ருசி பார்த்தவர் வாங்காமல் போனாலும் கடைக்காரருக்கு மனத்தாங்கல் இல்லை. இந்த எளிய உறவுக்குள் 2000-களின் நடுவில் சந்தேகம் நுழைந்தது.

செக்யூராம் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஆஸ்திரியாவிலிருந்து இயங்கிய சோனி டிஏடிசி நிறுவனத்தின் தயாரிப்பு அது. தொடக்கத்தில் அதன் வேலை ஒன்றுதான்: டிரைவில் இருப்பது நிறுவனம் அச்சிட்ட அசல் வட்டா, வீட்டில் எரித்த நகலா என்று கண்டுபிடிப்பது. சாதாரணமாக நகலெடுக்கும்போது பதியாத சில நுட்பமான இயற்பியல் அடையாளங்களை அசல் வட்டில் வைத்து, விளையாட்டு தொடங்கும்போது அவை இருக்கின்றனவா என்று சோதிக்கும். இல்லாத வட்டு இருப்பதுபோல் கணினிக்குக் காட்டும் டீமன் டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் வந்ததும் செக்யூராம் அவற்றையும் தேடத் தொடங்கியது. பிறகு இணையம் வழி ஆக்டிவேஷன் சேர்ந்தது. கணினியின் பாகங்களைக் கொண்டு ஓர் அடையாளம் உருவாக்கி சர்வருக்கு அனுப்பும். இத்தனை கணினிகளுக்கு மேல் நிறுவ முடியாது என்று எண்ணிக்கையும் வைக்கும். மதர்போர்டை மாற்றினாலோ விண்டோஸைப் புதிதாக நிறுவினாலோ அது உங்களை வேறு ஆளாக நினைத்துக்கொள்ளக்கூடும்.

2007 ஆகஸ்டில் வந்த ‘பயோஷாக்’ இந்தத் தொல்லையை எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவந்தது. கடலுக்கடியில் கட்டப்பட்ட ஒரு நகரத்தின் கதை. அந்த ஆண்டின் மிகச் சிறந்த விளையாட்டுகளில் ஒன்று என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கணினிப் பதிப்பை முதலில் இரண்டு முறைதான் ஆக்டிவேட் செய்ய முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். கையேட்டில் அச்சான எண்ணோ தவறானது. எதிர்ப்பு வலுத்ததும் அதை வெளியிட்ட 2கே கேம்ஸ் நிறுவனம் வரம்பை ஐந்தாக உயர்த்தியது. 2008 ஜூனில் வரம்பையே எடுத்துவிட்டது.

இதெல்லாம் வாங்கியவர்களின் துயரம். வாங்காதவர்களுக்கும் பங்கு கிடைத்தது. ‘பயோஷாக்’ டெமோவிலும் செக்யூராம் இருந்தது. தம் கணினியில் இந்த விளையாட்டு ஓடுமா என்று பார்க்கத்தான் பலரும் டெமோவை இறக்கினார்கள். ஓடவில்லை என்று தெரிந்து அழித்தார்கள். டெமோ போனது, செக்யூராம் விட்டுச்சென்ற கோப்புகளும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளும் போகவில்லை. அந்தப் பதிவுகளின் பெயர்களில் விண்டோஸின் சாதாரணக் கருவியால் கையாள முடியாத எழுத்துகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தன. அழிக்கப் போனால் பிழைச் செய்தி வரும். சில பாதுகாப்பு மென்பொருள்கள் அவற்றைத் தீங்கான நிரலாகவே காட்டின.

மக்கள் ஏன் அவ்வளவு கலவரப்பட்டார்கள் என்பதற்கு இரண்டாண்டு முந்தைய பின்னணி ஒன்று உண்டு. 2005 அக்டோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் வல்லுநர், சோனி பிஎம்ஜி விற்ற இசை வட்டுகள் கணினிக்குள் தம்மை மறைத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை நிறுவுவதைக் கண்டுபிடித்தார். ரூட்கிட் என்று அழைக்கப்படும் அந்த வகை மறைவு, வைரஸ் எழுதுபவர்களுக்கும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது. சோனி வட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் சோனியின் பெயர் கொண்ட இன்னொரு நிறுவனத்தின் நிரல் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தால் யாருக்குத்தான் பதறாது? செக்யூராம் ரூட்கிட் அல்ல என்று நிறுவனங்கள் விளக்கின. அது உண்மைதான். ஆனால் கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க ருசினோவிச் எழுதிய பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி திறந்திருந்தாலே செக்யூராம் விளையாட்டைத் தொடங்க மறுத்தது. தன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று உரிமையாளர் பார்ப்பதைக் கூட ஒரு விருந்தாளி நிரல் பொறுக்கவில்லை என்பதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. வெளியார் பலருக்கு அது தெரியாது.

டெமோவும் முழு விளையாட்டும் பெரும்பாலும் ஒரே நிரலிலிருந்து பிறப்பவை. படங்கள், ஒலிகள், கட்டங்கள் எல்லாம் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். அவற்றை எடுத்து ஓட்டும் மையக் கோப்பு டெமோவுக்கும் முழு விளையாட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நகல் தடுப்பைச் சுற்றுவது இந்த மையக் கோப்பின் மீதுதான். பூட்டில்லாத டெமோ வெளியானால், பூட்டை உடைத்து கிராக் செய்பவர்கள் கையில் பூட்டுக்கு முந்தைய நிலை கிடைத்துவிடுகிறது. பூட்டியதையும் பூட்டாததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம். சில வேளைகளில் டெமோவின் கோப்பையே முழு விளையாட்டில் பொருத்திவிடலாம். 2019-இல் ‘டெவில் மே க்ரை 5’ வெளிவந்தபோது பூட்டில்லாத மையக் கோப்பு ஒன்று தவறுதலாக ஸ்டீம் என்ற இணையக் கடையிலேயே கிடைத்துவிட்டது. அதன் பிறகு அந்த விளையாட்டில் நகல் தடுப்பு இருந்தும் இல்லாத நிலைதான்.

இதே போன்ற பாடத்தை ஐடி சாஃப்ட்வேர் 1996-இலேயே கற்றிருந்தது. ‘குவேக்’ விளையாட்டின் ஷேர்வேர் சிடியில், தன் முழு விளையாட்டுகளையும் ரகசியக் குறியீட்டில் பூட்டி வைத்து விற்றது. விருப்பப்பட்டவர்கள் தொலைபேசியில் பணம் கட்டிச் சாவி எண் பெறலாம் என்பது திட்டம். சாவியைத் தானே உருவாக்கும் சிறு நிரலொன்று விரைவிலேயே பரவியது. மலிவு விலைச் சிடியை வாங்கியவர் அத்தனை விளையாட்டுகளையும் திறந்துகொண்டார்.

ஆகவே டெமோவைப் பற்றிய அச்சம் கற்பனை இல்லை. அந்த அச்சத்தின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் தவறு நடந்தது. டெமோவுக்கென்று மையக் கோப்பைத் தனியாகத் தயாரிப்பது கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம். பூட்டோடு அப்படியே வெளியிட்டால் நிறுவனத்துக்குச் சுலபம். அந்தச் சுலபத்துக்கான விலையை, இன்னும் எதையும் வாங்காத ஒருவரின் கணினி கொடுத்தது.

செலவுக்கேற்ற பலனாவது கிடைத்ததா? ‘ஸ்போர்’ விளையாட்டை மூன்று கணினிகளில்தான் ஆக்டிவேட் செய்யலாம் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வரம்பு வைத்தது. மூன்றுக்கு மேல் முயல்பவர்கள் நூற்றில் ஒருவர் கூட இல்லை என்றும் வாதிட்டது. ஆனால் அமேசான் தளத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதினார்கள். பூட்டு உடைந்த பிரதி, கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டது. அந்த ஆண்டில் திருட்டுத்தனமாக மிக அதிகம் இறக்கப்பட்ட விளையாட்டு ‘ஸ்போர்’ என்று டாரன்ட்ஃப்ரீக் தளம் கணக்கிட்டது: சுமார் 17 லட்சம் முறை. திருட்டுப் பிரதியில் ஆக்டிவேஷன் தொல்லை இல்லை. பணம் கொடுத்தவரும் ஒழுங்காக டெமோ பார்த்தவரும்தான் செக்யூராமோடு வாழ்ந்தார்கள்.

அதே 2008-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்துக்கு நேர்ந்ததை இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ‘ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2’ விளையாட்டுக்கு வந்த திருத்தம் ஒன்று, வட்டே இல்லாமல் இணையத்தில் வாங்கியவர்களிடமும் வட்டைக் கேட்டது. சிக்கலைத் தீர்க்க நிறுவனத்தின் தரப்பிலிருந்தே ஒரு கோப்பு தரப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் ரீலோடட் என்ற கிராக் குழுவின் பெயரை உள்ளே கண்டார்கள். நியாயமாக வாங்கியவரை விளையாட விட, திருடர்கள் செய்த சாவியை நிறுவனமே எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

ரஷ்யாவின் ஸ்டார்ஃபோர்ஸ் இன்னும் முரட்டுத்தனமானது. விண்டோஸின் அடித்தளத்திலேயே தன் டிரைவரைப் பொருத்திக்கொள்ளும். டிவிடி டிரைவைக் கெடுக்கிறது, கணினியை மந்தமாக்குகிறது என்ற புகார்களை அந்த நிறுவனம் மறுத்தது. இருந்தும் எதிர்ப்பு தாங்காமல் 2006 ஏப்ரலில் யூபிசாஃப்ட் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில் வந்த ‘டிராக்மேனியா நேஷன்ஸ்’ என்ற கார்ப் பந்தயம் முழுக்க முழுக்க இலவசம். அதிலும் ஸ்டார்ஃபோர்ஸ் இருந்தது. இலவச விளையாட்டில் எதைக் காக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் 2008-இல் கிடைத்தது: அடுத்த பதிப்பான ‘நேஷன்ஸ் ஃபாரெவர்’ ஸ்டார்ஃபோர்ஸ் இல்லாமல் வந்தது.

இப்படி அடித்தளத்தில் பொருத்தும் டிரைவர்களின் ஆபத்து ஊகமல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. சேஃப்டிஸ்க் என்ற இன்னொரு நகல் தடுப்பின் டிரைவரை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்த்தே தந்தது. 2007-இல் அதில் ஓட்டை இருப்பது தெரிந்தது. சாதாரணப் பயனராக நுழைந்தவர் அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் பெற முடிந்தது. டிசம்பரில் அவசரமாக அடைத்தார்கள். 2015-இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவே இல்லை. பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கும் திருத்தம் வந்தது. அன்று முதல், காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டுகள் பல, கிராக் இல்லாமல் புதிய கணினிகளில் ஓடுவதில்லை.

பூட்டே இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்று போலந்தின் சிடி புராஜெக்ட் 2011-இல் பார்த்தது. ‘தி விட்சர் 2’ விளையாட்டைத் தன் ஜிஓஜி தளத்தில் பூட்டின்றி விற்றது. கடைகளுக்கான வட்டில் செக்யூராம் இருந்தது. திருட்டு உலகில் முதலில் பரவியது கடை வட்டை உடைத்து எடுத்த பிரதிதான். எவரும் எளிதாக நகலெடுத்திருக்கக்கூடிய ஜிஓஜி பிரதி அல்ல. பூட்டை உடைத்த பெருமைக்காகவே கிராக் குழுக்கள் இயங்குகின்றன, பூட்டில்லாததில் அவர்களுக்குச் சுவாரசியம் இல்லை. வெளியாகிப் பத்து நாள்களுக்குள் ஒரு திருத்தத்தின் மூலம் கடைப் பதிப்பிலிருந்தும் செக்யூராம் நீக்கப்பட்டது. அதோடு விளையாட்டு சற்று வேகமாகவும் ஓடியது.

இன்று செக்யூராமின் இடத்தில் டெனுவோ இருக்கிறது. சோனி டிஏடிசியிலிருந்து பிரிந்தவர்கள் உருவாக்கியது. 2014 முதல் புழக்கத்தில் உள்ளது. பழைய தவறுகளில் சில இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிரைவர் பொருத்துவதில்லை, அழித்தால் விளையாட்டோடு போய்விடுகிறது. ஆனால் ஒரே நாளில் ஐந்து கணினிகளுக்கு மேல் கூடாது என்ற வகையில் வரம்பு தொடர்கிறது. லினக்ஸில் விளையாடுபவர்கள், எது நன்றாக ஓடுகிறது என்று பார்க்க, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதித்தால், ஒவ்வொன்றும் புதுக் கணினியாகக் கணக்காகி ஒரு நாள் முழுக்கப் பூட்டப்பட்டுவிடுகிறார்கள். தன் கணினியில் ஓடுமா என்று சோதிப்பதுதானே டெமோவின் வேலையே?

ஒரு மாற்றம் நன்மையாக முடிந்திருக்கிறது. 2015 ஜூன் முதல் ஸ்டீம் கடையில், வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியார் நகல் தடுப்பு இருந்தால் அதன் பெயரும் ஆக்டிவேஷன் வரம்பும் விளையாட்டின் பக்கத்தில் தனிப் பெட்டியில் காட்டப்படுகின்றன. 2008-இல் வழக்குப் போட்டவர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்று அந்த முன்னறிவிப்புதான். டெமோவை இறக்கும் பொத்தானை அழுத்துமுன் அந்தப் பெட்டியையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.